வெள்ளைச் சீருடையும் விரிவுரை மண்டபமும்

நூற்றாண்டு மலர் என்றால் கட்டடங்கள் எழுந்த கதை, அதிபர்களின் பணி, வலைப்பந்தாட்ட வெற்றிகள், பரிசளிப்பு விழாக்கள் என்பன இடம்பெறுவது வழக்கம். அவற்றை வாசகியர் வேறு பக்கங்களிற் காண்பர். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரு தொழிலின் வரலாறு. கட்டுகஸ்தோட்டையிற் படித்து வெளியேறிய பெண்பிள்ளைகளுக்கு, ஆசிரியத் தொழிலுக்கு அடுத்தபடியாகத் திறந்திருந்த வாசல் தாதியர் சேவை. அவ்வாசலால் நுழைந்தவர்கள் நெடுங்காலம் வார்டுக்குள்ளேயே நின்றார்கள். இன்று அதே வாசல் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்துக்கும் ஆய்வு மேசைக்கும் இட்டுச் செல்கிறது. அந்த மாற்றம் எவ்வாறு வந்தது, மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை உலகெங்கும் பரந்திருக்கும் எமது சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கணக்கெடுத்த தாதி

சிறுவயதில் நாம் எல்லோரும் படித்த பாடம் ஒன்று உண்டு. இரவில் விளக்கேந்தி, காயமுற்ற போர்வீரரைப் பார்த்துச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பாடம். பாடப்புத்தகம் விளக்கோடு நின்றுவிட்டது. 1854-இல் கிரிமியப் போர்முனைக்குச் சென்ற அம்மையார், திரும்பி வந்தபின் செய்த பெரும்பணி கணக்கெடுப்பு. வீரர்களுட் பெரும்பாலோர் குண்டடியால் இறக்கவில்லை, வைத்தியசாலையின் அசுத்தத்தாற் பரவிய நோய்களாலேயே இறந்தனர் என்பதைப் புள்ளிவிபரங்களாலும் வரைபடங்களாலும் அவர் அரசாங்கத்துக்கு நிரூபித்தார். புள்ளிவிபரவியற் சங்கம் அவரைத் தன் முதலாவது பெண் அங்கத்தவராகத் தெரிவு செய்தது. லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது பெயரிலான தாதியர் பயிற்சிப் பாடசாலை 1860-இல் ஆரம்பமானது.

எமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் சுதேச மக்களின் நோய், மரணம் பற்றிய விபரங்களைத் திரட்டி 1863-இல் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதற்கு விபரம் அனுப்பிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆகவே இன்று ‘சுகாதார சேவை ஆய்வு’ என்று பல்கலைக்கழகங்கள் அழைக்கும் துறை, தாதித் தொழிலுக்கு வெளியே இருந்து வந்து ஒட்டியதொன்றன்று. அத்தொழிலோடு கூடப் பிறந்தது. ஆயினும் பின்வந்த பல தலைமுறைகளில் விளக்குத்தான் தாதியின் கையில் இருந்தது. கணக்கேடு வேறு கைகளுக்குப் போய்விட்டது.

எமது நாட்டில்

இலங்கையில் மேலைத்தேய வைத்தியக் கல்வியின் ஆரம்பத்தைப் பேசும்போது யாழ்ப்பாணத்து மானிப்பாயை விட்டுவிட முடியாது. 1847-இல் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழிலே தந்தார். அதே மிசன் மரபில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898-இல் இணுவிலில் எழுந்த மக்லியொட் வைத்தியசாலை, தமிழ்ப் பெண்களைத் தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் பயிற்றியது. தமிழ் மொழியில் உடலைப் பற்றிப் பேச முடியும், கற்பிக்கவும் முடியும் என்பதற்கு அந்த வடபகுதி முயற்சிகள் சான்று.

கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879-இல் திறக்கப்பட்டது. 1886-இல் வந்த பிரான்சிஸ்கன் மரியாளின் மறைபரப்புக் கன்னியர் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளர் பராமரிப்பை ஏற்றனர். முறையான தாதியர் பயிற்சிப் பாடசாலை 1939-இல் கொழும்பில் நிறுவப்பட்டது. பின்னர் கண்டி உட்பட ஏனைய நகரங்களிலும் பயிற்சிப் பாடசாலைகள் ஏற்பட்டன. கட்டுகஸ்தோட்டைப் பிள்ளைக்குக் கொழும்பு தூரம், கண்டி பக்கம். பஸ்ஸில் சில மைல்தான். ஆகவே கண்டியிற் பயிற்சி கிடைத்தமை எமது ஊர்க் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆனாலும் வீடுகளில் அதற்கு இலகுவாகச் சம்மதம் கிடைத்துவிடவில்லை. இராக்கடமை, அந்நியரின் உடலைத் தொடும் வேலை, கலியாணப் பேச்சு என்று தடைகள் பல. “ரீச்சராப் போகலாம்தானே பிள்ளை” என்று தாய்மார் சொன்ன வீடுகள் எத்தனையோ. அதையும் மீறிச் சென்றவர்கள் வெள்ளைச் சீருடை அணிந்து, மூன்றாண்டுப் பயிற்சி முடித்து, வார்டுகளில் ‘மிஸ்ஸி’ ஆனார்கள். அவர்களின் சம்பளத்தில் தம்பி தங்கையர் படித்தார்கள், வீட்டுக் கூரைகள் மாறின. இது எமது ஊரின் எழுதப்படாத பொருளாதார வரலாறு.

அந்தப் பயிற்சியின் இயல்பையும் சொல்லவேண்டும். பயிலுநர் தாதி படித்துக்கொண்டே வார்டில் வேலை செய்தாள். வைத்தியர் சொல்வதைச் செய்வது, சிஸ்டர் சொல்வதைச் செய்வது, செய்ததைக் குறித்து வைப்பது என்பனவே பாடம். கைத்திறனும் ஒழுங்கும் நிறையக் கிடைத்தன. ‘ஏன் இப்படிச் செய்கிறோம்? வேறு விதமாகச் செய்தால் நோயாளி விரைவிற் குணமடைவாரா?’ என்று கேட்பதற்கு அந்த முறையில் இடம் குறைவு. நோயாளியின் பக்கத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பது தாதி. நோயாளியைப் பற்றிய அறிவை உற்பத்தி செய்யும் இடத்தில் மட்டும் அவள் இல்லை.

மலைநாடு கற்பித்த பாடம்

கட்டுகஸ்தோட்டை மாத்தளை வீதியும் குருநாகல் வீதியும் பிரியும் சந்தி. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காட்டுவழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானோர் ஏராளம். தோட்டங்களில் குடியேறிய பின்னும் வைத்திய வசதி துரைமாரின் தயவில் தங்கியிருந்தது. 1912-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்தின. அதன்படி தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, ஒரு மருத்துவிச்சி, ஒரு பிள்ளைக்காம்பரா என்று ஏதோ கிடைத்தது. நாட்டின் பொதுச் சுகாதார சேவை ஒரு பாதையிலும் தோட்டச் சுகாதாரம் இன்னொரு பாதையிலும் நெடுங்காலம் சென்றன.

பொதுச் சேவையின் பாதை 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டதோடு தெளிவடைந்தது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவ மாது அந்தத் திட்டத்தின் முதுகெலும்பானாள். 1934–35-ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுசென்றபோது, கிராம மட்டத்தில் இத்தகைய சேவை எவ்வளவு அவசியம் என்பதை நாடு கண்டுகொண்டது.

அதன் பயன் பெரிது. 1930-களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரம் என்ற அளவில் இருந்த தாய்மார் மரணம், அந்த நூற்றாண்டு முடியுமுன் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. செல்வந்த நாடாகாமலே இதை எப்படிச் சாதித்தார்கள் என்று உலகமே கேட்டது. 2003-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு நூலொன்று மலேசியாவையும் இலங்கையையும் எடுத்து இக்கேள்விக்கு விடை தேடியது. அதன் முதன்மை ஆசிரியர் மலேசியாவைச் சேர்ந்த இந்திரா பத்மநாதன். கிராமத்துக்குள் வாழும் பயிற்றப்பட்ட மருத்துவ மாது, கட்டணமில்லாச் சேவை, சிக்கல் வந்தால் அனுப்புவதற்கு ஒரு வைத்தியசாலை, நிகழ்ந்த மரணங்களைக் கணக்கிலெடுத்துக் காரணம் தேடும் பழக்கம் என்பன அந்த நூல் எடுத்துக்காட்டிய படிகள். அதே அம்மையார் வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய, சுகாதார முறைமை ஆய்வை எவ்வாறு திட்டமிட்டு நடத்துவது என்ற பயிற்சிநூல் பல நாடுகளிற் பாடநூலாயிற்று.

இங்கேதான் சுகாதார சேவை ஆய்வு என்றால் என்ன என்பது விளங்குகிறது. புதிய மருந்தைக் கண்டுபிடிப்பது அதன் வேலையன்று. இருக்கும் மருந்து உரிய ஆளுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா, சேராவிட்டால் எந்த இடத்தில் தடங்குகிறது என்று பார்ப்பதே அதன் வேலை. ஒரு தாய் இறந்தால் இரத்தப்போக்கினால் இறந்தாள் என்று வைத்தியர் எழுதுவார். ஆய்வாளர் அதற்கு முந்திய மணித்தியாலங்களைக் கேட்பார். லயத்திலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டாள்? லொறி எப்போது வந்தது? முதல் வைத்தியசாலையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாள்? அவள் சொன்னதை அங்கிருந்தவர்களுக்கு விளங்கியதா?

பல்கலைக்கழகத்தின் கதவு

தாதியியலைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது உலகத்திலேயே பிந்திய செய்திதான். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் அடிலெயிட் நட்டிங் அம்மையார் 1907-இல் பேராசிரியையானார். தாதியருள் இப்பதவியை முதலிற் பெற்றவர் அவரே. தமிழ்நாட்டில், ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய வேலூர் வைத்தியசாலையில் 1909-இல் தாதியர் பாடசாலை தொடங்கியது. 1946-இல் அங்கு பட்டப்படிப்பும் வந்தது. அதே ஆண்டில் டில்லியிலும் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. பிரித்தானியாவில் எடின்பரோப் பல்கலைக்கழகம் 1956-இல்தான் தாதியியலுக்கு ஒரு பிரிவை அமைத்தது.

இலங்கையிற் கதவு திறந்தது 1994-இல். கனடாவின் அதபாஸ்காப் பல்கலைக்கழகத்தின் துணையோடு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், ஏற்கெனவே சேவையிலிருந்த தாதியருக்கான விஞ்ஞானமாணிப் பட்டநெறியை ஆரம்பித்தது. இது எமது ஊருக்கு எவ்வளவு பொருந்திய ஏற்பாடு என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லயில் இருக்கிறது. இராக்கடமை முடிந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, தொலைக்கல்விப் பாடநூலை விரித்து வைத்துக்கொண்ட நடுவயதுத் தாதியர் ஒரு தலைமுறை உண்டு. பதவியுயர்வுக்காக மட்டும் அவர்கள் படித்தார்கள் என்று சொல்லமுடியாது. இருபது வருடம் செய்த வேலைக்கு ஒரு ‘ஏன்’ தேடியும் படித்தார்கள்.

அடுத்த படி நேரடிப் பட்டப்படிப்பு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் உயர்தரம் சித்தியடைந்த மாணவருக்கு நான்காண்டு தாதியியற் பட்டநெறியை 2005-இல் தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் 2007-இல் நிறுவப்பட்டது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் ஆகியவற்றோடு தாதியியலும் அங்கு ஒரு தனித்துறையாயிற்று. யாழ்ப்பாணம், ருகுணு, கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் இத்துறை வளர்ந்தது. இதற்கு முன்னரே, 1988-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டம் இலங்கைத் தாதியர் பேரவைக்கு வழிசெய்திருந்தது.

ஆரம்ப ஆண்டுகளிற் பெரிய முடை ஒன்று இருந்தது. மாணவர் வந்துவிட்டார்கள், கற்பிக்கத் தாதியியலிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வைத்தியர்களே பெரும்பாலான பாடங்களை எடுத்தனர். அந்த வெற்றிடத்தை நிரப்ப, பட்டம் பெற்ற தாதியர் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, வெளிநாடுகளில் உயர்பட்டம் முடித்துத் திரும்பி, சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று படியேறினர். எமது தாய்மார் காலத்தில் கற்பனைக்கும் எட்டாத வாழ்க்கைப் பாதை இது.

அந்தப் பாதையில் நடப்பவர் என்ன செய்கிறார்

தாதியியற் கல்வியாளரின் நாள் இரண்டு பக்கம் உள்ளது. ஒரு பக்கம் மாணவரோடு வார்டில் நின்று, ஊசி குத்துவதிலிருந்து மரணப்படுக்கையில் உள்ளவரின் மனைவியோடு பேசுவதுவரை கற்றுக்கொடுப்பது. மறுபக்கம் அந்த வார்டையே ஆய்வுக்குட்படுத்துவது. இரண்டாவது பக்கம் என்ன சாதிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லிண்டா ஏய்க்கன் என்ற தாதியின் வாழ்க்கை நல்ல உதாரணம். 168 வைத்தியசாலைகளையும் இரண்டேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை நோயாளரையும் பற்றிய விபரங்களை ஆராய்ந்து, 2002-இல் அவரும் உடனாய்வாளரும் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் அதிகமாகக் காணப்பட்டது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. பட்டதாரித் தாதியரின் பங்கு நூற்றுக்கு 10 வீதம் கூடிய வைத்தியசாலைகளில் அந்த மரண வாய்ப்பு 7 வீதம் குறைந்திருந்தது.

‘வார்டில் ஆள் போதாது’ என்று எமது சகோதரிகள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அது முறைப்பாடாகவே கேட்கப்பட்டது. அதையே ஒரு தாதி எண்ணிக் காட்டியபோது ஆதாரமாயிற்று. அரசாங்கங்கள் அதை வைத்துச் சட்டம் பற்றிப் பேசத் தொடங்கின. தாதி ஒருத்தி பல்கலைக்கழகத்துக்குப் போவதால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

இனி எமது மண்ணுக்கு வருவோம். வைத்தியசாலைகளில் வலியை அளக்க ஒரு முறை உண்டு. வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கமுடியாததென்றால் பத்து, உங்களுக்கு எத்தனை என்று கேட்பார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டுப்பாருங்கள். அவர் இலக்கம் சொல்லமாட்டார். “குத்துதுங்க மிஸ்ஸி” என்பார், “கடுக்குது” என்பார், “உளையுது”, “குடையுது”, “எரியுது”, “இழுத்துப் பிடிக்குது” என்பார். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வலி. குடைவது எலும்பு வலியாகலாம், எரிவது நரம்பு வலியாகலாம். தேர்ந்த தாதிக்கு அந்தச் சொல்லே பாதி நோய்க்குறிப்பு. இன்னொரு மொழி மட்டும் தெரிந்தவருக்கோ எல்லாம் ஒரே வலி. அல்லது பாட்டி ஒன்றும் சொல்லாமல், “பரவாயில்லீங்க” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். குறிப்பேட்டில் வலி இல்லை என்று பதிவாகும்.

பிற நாட்டு வினாக்கொத்தைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாற்றும்போது, அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து, பொருள் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வு முறை. அகராதியை வைத்து இதைச் செய்தால் யாருக்கும் விளங்காத தமிழ் வரும். ‘உளைச்சல்’ என்றால் என்னவென்று உடம்பால் அறிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்கவேண்டும். 1987-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் மலைநாட்டு வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் தாதியர் போதாமை இன்றுவரை தீராத குறை. சட்டம் கொடுத்த மொழியைக் கட்டிலருகே கொண்டுசேர்க்க மனிதர் வேண்டும்.

இதுதான் இக்கட்டுரையால் நாம் சொல்ல விரும்புவது. எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பது யார் கேட்கிறார் என்பதிலே தங்கியிருக்கிறது. சலரோகக்காரருக்குக் கொடுக்கும் பாதப் பராமரிப்பு அறிவுரை, காலுறையில்லாமல் கொழுந்து பறிக்க மலையேறும் பெண்ணுக்கு எந்தளவு பொருந்தும்? வீடு செல்லும் நோயாளி கையில் வாங்கிய மருந்துச் சீட்டை அவர் வீட்டில் வாசிக்கக்கூடியவர் யார்? நாட்கூலியை இழந்து கிளினிக்குக்கு வருவதற்கு ஒரு தொழிலாளிக்கு ஆகும் உண்மையான செலவு எவ்வளவு? இவை பெரிய பெரிய கருவிகள் கேட்கும் ஆய்வுகள் அல்ல. ஒரு கொப்பி, ஒழுங்கான முறை, அம்மக்களின் பேச்சு, அவர்கள்மேல் மரியாதை என்பன போதும். ஆனால் இவற்றைக் கேட்பதற்குரிய பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படித்திருக்கவேண்டும். மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு அருமையாகவே உள்ளது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆக, பேராதனைக் கதவு திறந்திருந்தாலும், அதற்கு முந்திய கதவு பலருக்கு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

எங்கும் வாழும் எமது சகோதரிகளுக்கு

எம்மிற் பலர் இன்று இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் எங்கும் தாதியராகவும் கல்வியாளராகவும் கடமையாற்றுகின்றனர். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் புறப்பட்டவர்களும் அதிகம். போனவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. சென்ற இடத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது இந்த மண்ணுக்கும் ஒரு சொத்து.

அச்சொத்தைப் பயன்படுத்தப் பெருந்தொகைப் பணம் தேவைப்படாது. உயர்தர விஞ்ஞான வகுப்பிலுள்ள ஒரு பிள்ளைக்கு மாதம் ஒருமுறை தொலைபேசியிற் பேசி ஆங்கிலப் பாடநூலை வாசிக்கத் துணைநிற்கலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தாதியியலை எந்த இடத்தில் எழுதுவது என்று தயங்கும் மாணவியிடம், அது வைத்தியராக முடியாதவர்களின் இரண்டாந்தரத் தெரிவு அன்று, தனக்கெனக் கேள்விகள் உள்ள ஒரு துறை என்று எடுத்துச் சொல்லலாம். ஆய்வு முன்மொழிவு எழுதத் தெரியாமல் திணறும் இளம் விரிவுரையாளருக்கு ஒரு மாதிரியைக் காட்டலாம். பொல்கொல்லயும் பேராதனையும் கண்டித் தாதியர் கல்லூரியும் எமது பாடசாலையிலிருந்து சில மைல் தூரத்திலேயே இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்று காட்டுவதற்கு ஒரு பஸ் போதும்.

முதல் நூறு ஆண்டுகளில் எமது பாடசாலை நோயாளியின் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைத் தந்தது. அவர்களுட் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் இரவிரவாகக் கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதுவதற்கு அன்று இடமிருக்கவில்லை. இன்று இடமிருக்கிறது. அதை எழுதப்போகும் பிள்ளை இப்பொழுது எமது பாடசாலையின் ஏதோவொரு வகுப்பறையில் இருக்கக்கூடும். அவளைத் தேடி அறிந்து, கைகொடுப்பது சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுக்கு ஏற்ற பணி.